கவளத்திற்கு ஒரு கணக்கு

கண்டி மாநகரிலே நண்பகல் வேளையில் சாப்பாட்டுக் கடைகளுள் நுழைவோர் அண்மைக் காலமாக ஒரு புதுவழக்கத்தைக் காணலாம். சோறும் மூன்று கறியும் நிறைந்த தட்டு மேசைக்கு வந்ததும், இளைஞர் ஒருவர் அதில் கை வைப்பதற்கு முன்னரே கைத்தொலைபேசியை எடுத்து ஏதோ குறித்துக்கொள்கிறார். நண்பருக்குக் கடிதம் எழுதுகிறார் என்று எண்ணிவிட வேண்டாம். சோறு எத்தனை கிராம், பருப்பு எத்தனை கிராம், மீன்துண்டு எத்தனை கிராம் என்று தாம் உண்ணப்போவதைப் பதிவு செய்கிறார். மறுகணமே கருவியிலுள்ள செயலி அவருக்கு விடை சொல்லிவிடுகிறது: மாச்சத்து இவ்வளவு, புரதம் இவ்வளவு, கொழுப்பு இவ்வளவு, இன்றைய நாளுக்கு இன்னும் எஞ்சியிருப்பது இவ்வளவு. அதன் பின்னரே முதற் கவளம் வாய்க்குச் செல்கிறது.

இதைக் காணும் முதியோர் முகஞ் சுளிப்பது இயல்பு. குழந்தை உண்பதை உற்றுப் பார்த்தாலே கண்ணூறு படும் என்று அஞ்சிய மக்களல்லவா நாம்? உண்பதை எண்ணுவது கருமித்தனத்தின் அடையாளம் என்றும், விருந்தினருக்குச் செய்யத் தகாத அவமதிப்பு என்றும் கருதி வந்தோம். ஆயினும், சற்று நின்று நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். உணவை எண்ணுவது கண்டிச் சீமைக்குப் புதிதன்று. இம்மலைகளில் எண்ணப்பட்ட அளவுக்குச் சோறு வேறெங்கும் எண்ணப்பட்டிருக்குமோ என்பதே ஐயம். எண்ணியவர் ஒருவர், உண்டவர் வேறொருவர் என்பதுதான் பழைய வழக்கத்துக்கும் புதியதற்கும் உள்ள வேற்றுமை.

கண்டி மக்களின் உணவைப் பற்றி நமக்குக் கிடைக்கும் பழைய குறிப்புக்களுள் சிறந்தது கைதி ஒருவர் எழுதியது. ஆங்கிலக் கப்பலோட்டியான றொபேட் நொக்ஸ் 1660 ஆம் ஆண்டில் பிடிபட்டு, 1679 இல் தப்பியோடும் வரை கண்டி இராச்சியத்திலே கழித்தார். எலதெத்தக் கிராமத்திலே தாமே வீடு கட்டி வாழ்ந்தவர். நெல்லைக் கடனாகக் கொடுத்து வட்டியும் நெல்லாகவே வாங்கியவர். ஆகவே நெல்லின் கணக்கு அவருக்குத் தெரியும். 1681 இல் இலண்டனில் வெளிவந்த அவரது நூலிலே, வீட்டில் அரிசியும் உப்பும் இருந்துவிட்டால் இந்நாட்டார் குறையேதுமில்லையென்று கருதுவர் என்றும், சில கீரைகளும் எலுமிச்சைச் சாறும் மிளகும் சேர்ந்தால் அதுவே நிறைவான உணவு என்றும் குறித்திருக்கிறார். இன்றைய செயலியிலே அந்த உணவை இட்டுப் பார்த்தால் வட்டப்படம் முழுவதும் ஏறத்தாழ ஒரே நிறமாக, மாச்சத்தின் நிறமாக, நிரம்பி நிற்கும்.

நொக்ஸ் எழுதியது வேடிக்கை பார்த்தவரின் குறிப்பு. அதற்குப் பின் வந்த கணக்கோ கடுமையானது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே கோப்பித் தோட்டங்கள் எழுந்தபோது, தமிழகத்து மாவட்டங்களிலிருந்து மன்னார் வழியாகவும் மாத்தளை வழியாகவும் நடந்துவந்த மக்களுக்கு முதலில் கிடைத்தது கூலியன்று, அரிசி. தோட்டத்தார் அரிசியை வரவழைத்து ஆள்வாரியாக அளந்து கொடுத்தனர்; அதன் விலையைக் கூலியிற் கழித்தனர். 1867 இல் புகையிரதம் கண்டியை எட்டுமுன், மாட்டு வண்டிகள் மேலே அரிசியை ஏற்றிவந்து கீழே கோப்பியை இறக்கிச் சென்றன. அதே 1867 இலேதான் ஜேம்ஸ் டெய்லர் ஹேவாஹெட்டைப் பகுதியிலுள்ள லூல்கந்துரத் தோட்டத்திலே தேயிலையைப் பயிரிட்டார். பயிர் மாறிற்று, பேரேடு மாறவில்லை. செக்ரோல் எனப்பட்ட அந்தப் பதிவேட்டிலே ஒருவர் எத்தனை நாள் பேர் போட்டார், எந்நாள் அரைப்பேர், எவ்வளவு அரிசி எடுத்தார், எவ்வளவு கடன் நிற்கிறது என்பன வரிசையாக இருந்தன. அதனை எழுதியவர் கணக்கப்பிள்ளை. எழுத்தறியாத பெண்ணொருத்தி தன் வயிற்றுக்குள் சென்ற அரிசியின் அளவைத் தன் நினைவிலே வைத்திருக்கலாம். ஆனால், ஏடு சொன்னதே செல்லுபடியாயிற்று.

பின்னர் நாட்டிலுள்ள அனைவருமே ஏட்டுக்குள் வந்தனர். 1942 இலே பர்மா ஜப்பானியர் வசமானதும் அரிசி வருவது தடைப்பட்டுப் பங்கீடு தொடங்கிற்று. கூப்பன் என்ற சொல் நம் மொழியில் குடிபுகுந்த காலம் அது; கூப்பன் கடை, கூப்பன் அரிசி, கூப்பன் கிழிப்பது என்று ஒரு சொற்குடும்பமே உண்டாயிற்று. 1953 இலே கொத்தரிசியின் விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டபோது, அவ்வாண்டு ஓகஸ்ட் 12 ஆம் நாள் ஹர்த்தால் நிகழ்ந்து, அரசாங்கமே ஆட்டங் கண்டது; பிரதமர் டட்லி சேனநாயக்க அதே ஆண்டில் பதவி துறந்தார். பின்னும் 1966 இல் பங்கு பாதியாக்கப்பட்டது; 1979 இலே கூப்பனுக்குப் பதிலாக உணவு முத்திரை வந்தது. இடையே 1973, 1974 ஆம் ஆண்டுகளின் பஞ்சத்தை மலையகத்தில் வாழ்ந்தோர் மறக்கமாட்டார். மாவும் அரிசியும் குறைக்கப்பட்டபோது, கிராமத்தானுக்கு ஒரு பலாமரமேனும் இருந்தது. லயத்திலே வாழ்ந்தவனுக்கு அதுவும் சொந்தமாக இல்லை. 1974 இலே தோட்டப் பகுதிகளின் இறப்பு வீதம் உயர்ந்ததை அரசாங்கப் புள்ளிவிவரங்களே காட்டுகின்றன.

இவ்வளவு கணக்குக்களிலும் எண்ணப்பட்டது ஒன்றே: அளவு. கொத்து, சுண்டு, புசல், இறாத்தல். அரிசியினுள்ளே என்ன இருக்கிறது என்று கூப்பன் புத்தகம் கேட்கவில்லை. அக்கேள்வி வேறோரிடத்திலே பிறந்தது.

உணவின் பகுதிகளை மூன்றாக வகுத்துக் காட்டியவர் வில்லியம் புரௌட் என்ற இலண்டன் வைத்தியர்; ஆண்டு 1827. இனிப்பு வகை, எண்ணெய் வகை, முட்டையின் வெண்கரு போன்ற வகை என்று அவர் பிரித்தார். இம்மூன்றும் இயற்கையாகவே சேர்ந்த உணவு பால் என்பது அவர் கண்ட சிறப்பு. இன்று மாச்சத்து, கொழுப்பு, புரதம் என்று நாம் வழங்குபவை அவைதாம். பேரூட்டச் சத்துக்கள் என்று பாடநூல்கள் கூறும். அவற்றிற்கு எண் கொடுத்தவர் அமெரிக்க இரசாயனவியலாளர் வில்பர் அட்வாட்டர். மனிதனொருவனை நாட்கணக்காக ஒரு சிற்றறைக்குள் வைத்து, அவன் உண்டதையும் வெளியேற்றியதையும் அவன் உடல் வெளிவிட்ட வெப்பத்தையும் அளந்து பார்த்தவர் அவர். மாச்சத்து ஒரு கிராமுக்கு 4 கலோரி, புரதம் ஒரு கிராமுக்கு 4, கொழுப்பு ஒரு கிராமுக்கு 9 என்ற வாய்பாடு அவ்வாராய்ச்சியிலிருந்து கிடைத்த சராசரி. கண்டிக் கடையிலே இளைஞரின் கைத்தொலைபேசி செய்யும் கணிதமெல்லாம் இதுவே. செயலி புதியது, வாய்பாட்டுக்கு வயது நூற்றுக்கு மேல்.

தமிழர் உணவு இந்த அறிவியலினுள் நுழைந்த வாயில், நமக்கு மிக அண்மையிலுள்ள இன்னொரு தேயிலை மலையிலே இருந்தது. நீலகிரியில் குன்னூரிலே றொபேட் மக்கரிசன் 1918 இல் ஓர் அறையில் தொடங்கிய ஆராய்ச்சிக்கூடம், பின்னர் வளர்ந்து 1958 இல் ஐதராபாத்துக்கு மாறிற்று. மக்கரிசன் ஒரு விந்தையான சோதனை செய்தார். இந்தியாவின் வெவ்வேறு மக்கள் உண்ணும் உணவை வெவ்வேறு எலிக் கூட்டங்களுக்குக் கொடுத்து வளர்த்தார். கோதுமையும் பாலும் பருப்பும் காய்கறியும் சேர்ந்த சீக்கியர் உணவை உண்ட எலிகள் முதலிடம் பெற்றன. கடைசி வரிசையில் நின்றவற்றுள் சென்னை மாகாணத்துச் சோற்றுணவும் ஒன்று. நம் முன்னோர் மலையேறி வந்தபோது மடியிலே கட்டிக்கொண்டு வந்த உணவுப் பழக்கம் அதுதான் என்பதை எண்ணுக. அவருக்குப் பின் வந்த அய்க்ரொயிட் 1937 இலே இந்திய உணவுகளின் சத்து அட்டவணையொன்றைச் சிறு நூலாக வெளியிட்டார். முருங்கைக் கீரையும் கேழ்வரகும் எண்களாக மாறியது அதனாலே. இலங்கைக்கென மருத்துவ ஆராய்ச்சி நிறுவக ஆய்வாளர் தொகுத்த அட்டவணை 1979 இல் வெளிவந்தது. ஆனால், இந்த அட்டவணைகள் நூலகத்திலும் வைத்தியக் கல்லூரியிலும் கிடந்தன. சமைப்பவளுக்கும் உண்பவனுக்கும் அவை எட்டவில்லை.

எட்டச் செய்தது கைத்தொலைபேசி. அமெரிக்காவில் 2005 இலே தொடங்கிய மைஃபிட்னஸ்பால் என்ற நிறுவனம், உண்பவரே உணவைத் தேடி எடுத்துத் தம் நாட்பதிவிலே சேர்க்கும் முறையைப் பரப்பிற்று. பெங்களூரில் பிறந்த ஹெல்திஃபைமி இட்டிலியையும் தோசையையும் அவ்வழியிலே கொண்டுவந்தது. பதிவதனால் பயனுண்டா என்றால், உண்டு. 2008 இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்றிலே, எடை குறைக்க முயன்ற ஏறத்தாழ 1,700 பேருள் நாள்தோறும் உணவைக் குறித்துவந்தோர், குறிக்காதோரைவிட இருமடங்கு எடை குறைந்தனர். அவர்களுட் பலர் எழுதியது கடதாசியிலேதான் என்பதும் கவனிக்கத் தக்கது.

நமக்கு இதன் தேவை எங்கே என்று கேட்பீர்களாயின், எந்த வைத்தியசாலைக்கேனும் சென்று சீனி வியாதிச் சிகிச்சை நிலையத்தின் வரிசையைப் பார்த்து வாருங்கள். 2008 இல் வெளியான நாடளாவிய ஆய்வின்படி இலங்கையில் வளர்ந்தோருள் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு நீரிழிவு. நகரங்களிலே நூற்றுக்குப் பதினாறு. நோய் வருமுன்னிலையில் இருந்தோரையும் சேர்த்தால் ஐவருள் ஒருவர். நம் உணவிலே கலோரியின் பத்தில் ஏழு பங்கு மாச்சத்திலிருந்தே வருகிறது என்றும், புரதத்தின் பங்கு ஒன்றே என்றும் பின்வந்த ஆய்வுகள் காட்டின. நொக்ஸ் கண்ட தட்டு இன்னும் பெரிதும் மாறிவிடவில்லை. வயலுக்கு நடந்த கால்கள் மட்டும் பேருந்தேறிவிட்டன.

கட்டுக்கலைப் பகுதியிலே எனக்கறிமுகமான ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் உண்டு. கணிதம் கற்பித்தவர். நீரிழிவு என்று வைத்தியர் சொன்னதும், பேத்தி அவருடைய தொலைபேசியிலே செயலியொன்றை இறக்கிக் கொடுத்தாள். மனிதர் பழைய மாணவராகிவிட்டார்! சிறு மின்தராசு ஒன்று வாங்கினார். இடியப்பத்துக்கு அரிசிமாவை நிறுத்தார். அவர்கள் வீட்டிலே 100 கிராம் மாவு பத்து இடியப்பமாகிறதென்றும், அதிலே 80 கிராமுக்குச் சற்றுக் குறைந்த மாச்சத்து உண்டென்றும் கண்டார். காலையிலே பத்து, இரவிலே பத்து என்பது நாற்பது வருடப் பழக்கம். ஒருநாள் அடுக்களை வாயிலிலே நின்று மருமகளைக் கேட்டாராம்:

“பிள்ளை, பருப்புக்குத் தேங்காய்ப்பால் எத்தனை கரண்டி?”

“கண்மட்டுக்கு ஊத்துறதுதான் மாமா. அதுக்கு ஏது அளவு?”

“கண்மட்டு என்றால் இவன் விளங்கிக்கொள்கிறானில்லையே!” என்று தொலைபேசியைக் காட்டியிருக்கிறார்.

“அவனுக்கு விளங்காட்டி நான் என்ன மாமா செய்ய? அவன் ஒருநாள் வந்து சமைக்கட்டும்.”

இந்த உரையாடலிலே மருமகள் பக்கமே நியாயம் மிகுதி என்பது என் கருத்து. நம் சமையலின் அளவைகள் கண், கைப்பிடி, சிட்டிகை, தேங்காயிற் பாதி. அவை பொய்யளவைகள் அல்ல; ஒரு வீட்டுக்குள்ளே அவை மிக நுட்பமானவை. வீட்டுக்கு வெளியே அவற்றிற்கு மொழிபெயர்ப்பு இல்லை. இருப்பினும் ஆசிரியர் விடவில்லை. மூன்று மாதத்தில் அவர் கண்டுகொண்டவை இரண்டு: இடியப்பம் பத்திலிருந்து ஐந்தானால் வயிறு ஒன்றும் கலகஞ் செய்யவில்லை, உடன் ஒரு முட்டையும் கூடுதற் பருப்பும் இருக்குமாயின், மற்றொன்று, மாலைத் தேநீருடன் வரும் பணிஸை அவர் இதுகாறும் ஓர் உணவாகவே எண்ணியிருக்கவில்லை. குறித்தபின்னரே அது கண்ணுக்குத் தெரிந்தது. கணக்கின் முதற்பயன் இதுதானென்று நினைக்கிறேன்: நாம் உண்டதாக நினைவில் வைத்திராதவற்றை அது நினைவில் வைத்திருக்கிறது.

எனினும் கருவியின் குறைகள் சிறியனவல்ல. சோறு என்று தேடினால் நூற்றுக்கணக்கான பதிவுகள் வருகின்றன. பலவும் பயன்படுத்துவோர் தாமே இட்டவை. நாட்டரிசியா, சம்பாவா, தவிடு போக்கியதா, போக்காததா என்பதற்கு அங்கே உறுதியில்லை. எல்லாவற்றிலும் பெரிய பிழை, பச்சையும் சமைத்ததும் மயங்குவது. அரிசி சோறாகும்போது நீரையுண்டு ஏறத்தாழ இரண்டரை முதல் மூன்று மடங்கு எடையாகிறது. ஆகவே 100 கிராம் அரிசியிலே 78 கிராம் அளவுக்கு மாச்சத்து இருக்க, 100 கிராம் சோற்றிலே 28 கிராமே இருக்கும். சோற்றை நிறுத்துவிட்டு அரிசி என்ற பெயரின்கீழ் பதிந்தவர், தாம் பகாசுரனைப்போல் உண்டதாக எண்ணி இரவிலே பட்டினி கிடப்பார். எதிர்வழியிலே தவறியவர், எவ்வளவோ குறைத்தும் எடை குறையவில்லையே என்று கருவியை ஏசுவார். இருவரையும் நான் கண்டிருக்கிறேன். கடைச் சாப்பாடு இன்னும் கடினம். கொத்து ரொட்டியிலே எத்தனை ரொட்டி, எத்தனை கரண்டி எண்ணெய் என்பதை இரும்புத் தட்டிலே தாளம் போடுபவரன்றி யாரறிவார்?

இதனால் இன்னொரு கேடும் விளைகிறது. பொதியிலே அடைத்துவரும் பிஸ்கட்டுக்கும் நூடில்ஸுக்கும் எண்கள் பொதியின்மேலேயே அச்சிடப்பட்டிருக்கின்றன; கோட்டுக்குறியைக் காட்டினால் செயலி படித்துக்கொள்ளும். வல்லாரைச் சம்பலுக்கோ, பலாக்கொட்டைக் கறிக்கோ அவ்வசதி இல்லை. கணக்கெழுதச் சோம்பும் மனம் எண் தெரிந்த உணவை நாடும். உடலுக்கு நன்மை தேடப் போனவர் பிஸ்கட்டிலே வந்து நிற்பது இப்படித்தான்.

இனி, நகரை விட்டுச் சற்று மேலே செல்வோம். ஹந்தானை, கலஹா, தெல்தோட்டை, புசல்லாவை என்று கண்டியைச் சூழ்ந்து தேயிலை மலைகள் இருக்கின்றன. அங்கே கொழுந்து பறிக்கும் பெண்ணொருத்தியின் ஒருநாளுணவை, அட்டவணை எண்களைக் கொண்டு நானே ஒரு மாதிரிக்காகக் கணக்கிட்டுப் பார்த்தேன். காலையிலும் நண்பகலிலும் கோதுமைமா ரொட்டி: வேளைக்கு 100 கிராம் மாவும் 25 கிராம் தேங்காய்ப்பூவும். இரவிலே 200 கிராம் அரிசியின் சோறு, 25 கிராம் பருப்பு, அதற்குக் கொஞ்சம் தேங்காய். நாளுக்கு ஐந்துமுறை சாயத்தண்ணி, ஒவ்வொன்றுக்கும் 10 கிராம் சீனி. கூட்டினால் மாச்சத்து 383 கிராம், புரதம் 43 கிராம், கொழுப்பு 27 கிராம். கலோரி ஏறத்தாழ 1,950. அக்கலோரியிலே நூற்றுக்கு எழுபத்தொன்பது மாச்சத்து; பத்திலொரு பங்கு வெறுஞ் சீனி.

நகரத்துச் செயலி இதைக் கண்டால் உடனே அறிவுரை கூறும்: ‘மாச்சத்தைக் குறையுங்கள்; புரதத்தைக் கூட்டுங்கள்.’ எதைக் கொண்டு கூட்டுவது? 2022 ஆம் ஆண்டு செப்டெம்பரிலே கொழும்பு விலைச்சுட்டெண்ணின்படி உணவு விலை ஓராண்டுக்குள் ஏறத்தாழ இருமடங்காயிற்று, நூற்றுக்கு 94.9 என்பது அரசாங்கக் கணக்கு. தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 2021 இல்தான் 1,000 ரூபாவை எட்டியிருந்தது. இத்தகைய வீட்டிலே ‘மாச்சத்தைக் குறை’ என்பது ‘உணவைக் குறை’ என்பதற்கு மறுபெயர்.

இன்னும் ஆழ்ந்து நோக்கவேண்டியது ஒன்றுண்டு. உலக சுகாதார நிறுவனத்தார் 2007 இல் விதித்த அளவு, உடலெடை கிலோவுக்கு 0.83 கிராம் புரதம். 45 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு 37 கிராம் போதும். மேற்சொன்ன நாளிலே 43 வந்துவிட்டது. ஆகவே செயலி பச்சை நிறங் காட்டி வாழ்த்தும். ஆனால், அதிலே பெரும்பகுதி மாவிலும் அரிசியிலும் உள்ள புரதம். கோதுமையிலே லைசின் என்ற கூறு குறைவு. அக்குறையை ஈடுசெய்வது பருப்பு. மாதக் கடைசியிலே கடைக்கடன் ஏறிப் பருப்பு நின்றுபோனால் கணக்கிலே குறைவது 6 கிராமே. உடலிலே குறைவது அதனினும் மிகுதி. கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் 37 என்பது போதவும் போதாது. மேலும் மூன்று சத்துக்களையே எண்ணும் ஏட்டிலே இரும்புச்சத்துக்கு வரியில்லை. இரத்தக்குறைவால் முகம் வெளுத்த பெண்ணின் நாட்பதிவும் மூன்று வட்டங்களும் நிரம்பியதாகவே தோன்றக்கூடும். அவள் பறிக்கும் இலையே இதிலே எதிர்நிற்பது இன்னொரு கொடுமை: உணவோடு சேர்த்துக் குடிக்கும் தேநீர், கீரையிலும் தானியத்திலும் உள்ள இரும்பை உடல் ஏற்காதபடி தடுக்கிறது. உண்டு ஒருமணி நேரங் கழித்துக் குடித்தால் தடை குறையும். இந்த ஒரு செய்தி எந்த வட்டப்படத்தையும்விடத் தோட்டத்திலே பயன் தரும்.

2016 ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்விலே, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுள் வயதுக்கேற்ற உயரமில்லாதோர் நாடளவில் நூற்றுக்குப் பதினேழு, தோட்டப்பகுதியிலே முப்பத்திரண்டு. 1973 முதல் தாய்மாருக்கும் சிறுவருக்கும் வழங்கப்பட்டுவரும் திரிபோஷ மாவின் பெயரிலேயே ‘மூன்று’ இருப்பதைக் கவனியுங்கள். சோளமும் சோயாவும் கலந்த அம்மாவிலே சக்தி, புரதம், நுண்சத்து என்ற மூன்றும் உண்டென்பதே பெயரின் கருத்து. நுண்சத்தையும் மூன்றாவதாகச் சேர்த்துக்கொண்ட அந்தப் பழைய மூன்று, இன்றைய செயலியின் மூன்றைவிட நம் நிலைக்கு நெருக்கமானது என்று கூறத் துணிவேன்.

அப்படியாயின் தோட்டத்திலே கணக்கு வேண்டாமா? வேண்டும், அங்கேதான் மிகவும் வேண்டும். நகரத்திலே அது உண்பவருக்கு அறிவுரையாக நிற்கும். தோட்டத்திலே அது சான்றாக நிற்கும். நூறாண்டுக்கு மேலாக உழைப்பின் கணக்கும் அரிசியின் கணக்கும் ஒரு பக்கத்தாரின் ஏட்டிலேயே இருந்தன. இன்று லயத்திலே கைத்தொலைபேசியில்லாத வீடு அரிது. ஒரு கிழமை தாம் உண்டதையெல்லாம் எழுதிவைத்த முப்பது பெண்களின் பதிவு, சம்பளப் பேச்சுவார்த்தை மேசையிலே கொழுந்தின் கிலோக்கணக்குக்கு எதிரே வைக்கத் தக்க பத்திரமாகும். ‘எங்களுக்குப் போதவில்லை’ என்ற சொல்லை மறுப்பது எளிது. பருப்பு நின்றுபோன நாட்களின் பட்டியலை மறுப்பது எளிதன்று.

ஆனால், அந்த ஏடு யார் கையில் இருக்கிறது என்பதும் கேட்கப்பட வேண்டும். மைஃபிட்னஸ்பால் நிறுவனத்தை 2015 இலே உடுப்பு விற்கும் அண்டர் ஆர்மர் நிறுவனம் 475 மில்லியன் டொலருக்கு வாங்கிற்று. 2020 இலே 345 மில்லியனுக்கு விற்றுவிட்டது. இடையே 2018 இல் ஏறத்தாழ 150 மில்லியன் பேரின் கணக்கு விவரங்கள் திருடுபோயின. பொதிகளின் கோட்டுக்குறியைப் படிக்கும் வசதி 2022 இலே பணங் கட்டுவோர்க்கு மட்டும் என்றாயிற்று. நாம் எழுதும் கவளக் கணக்கும் வாங்கி விற்கப்படும் பண்டமே. கணக்கப்பிள்ளை ஊரிலாவது இருந்தார். கோபம் வந்தால் போய்க் கேட்கலாம்!

ஆசிரியர்களுக்கு ஒரு சொல். மேல்வகுப்பு மாணவிகளிடையே இப்பதிவு வழக்கம் பரவுவதை வாளாவிருந்து பார்க்கலாகாது. 2017 இலே அமெரிக்காவில், உண்ணுதலே நோயாகிவிட்டவர்கள் 105 பேரிடம் விசாரித்தபோது, நான்கில் மூன்று பங்கினர் இத்தகைய செயலியைப் பயன்படுத்தியிருந்தனர். அவர்களுள்ளும் நான்கில் மூன்று பங்குக்குச் சற்றுக் குறைந்தோர் அது தம் நோய்க்குத் துணைபோயிற்று என்றனர். வளரும் வயதிலே எண்ணுக்கு அஞ்சிச் சோற்றை ஒதுக்கும் பிள்ளைக்குக் கருவி பாராட்டுத் தெரிவித்துக்கொண்டேயிருக்கும். பிள்ளையின் முகத்தைப் பார்க்க அதற்குக் கண்ணில்லை. சீனி வியாதிக்காரர் மூன்று மாதம் பதியட்டும்; பயனைக் கண்டபின் நிறுத்தட்டும். பதினாறு வயதுப் பெண்ணுக்கு அது வேண்டியதில்லை.

மாணவர் செய்யத்தக்க வேலை வேறொன்று இருக்கிறது. நம் மலைநாட்டு உணவுகளுக்கு, நம் அளவைகளிலேயே, தமிழில் ஓர் அட்டவணை வேண்டும். ஒரு சுண்டு அரிசி எத்தனை கிராம், அது சோறானால் எத்தனை, ஒரு கைப்பிடி நெத்தலிக் கருவாட்டில் புரதம் எவ்வளவு, வீட்டுக் கரண்டி ஒன்றில் தேங்காய்ப்பால் எவ்வளவு என்பன தராசு ஒன்றும் பொறுமையும் இருந்தால் எந்தப் பாடசாலை மனையியல் அறையிலும் கண்டுகொள்ளத் தக்கவை. சத்து எண்களை அச்சிட்ட அட்டவணைகளிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். சரிபார்க்கப் பேராதனைப் பல்கலைக்கழகம் அருகிலேயே இருக்கிறது. முதல் வரிக்கு ரொட்டியை வைத்துக்கொள்ளலாம்: 100 கிராம் மாவு, 25 கிராம் தேங்காய்ப்பூ, மாச்சத்து 79, புரதம் 11, கொழுப்பு 9, கலோரி 441. இரண்டாவது வரியிலே பருப்புக் கறியை எழுதுமுன், தேங்காய்ப்பால் ஊற்றும் கையருகே ஓர் அளவுக் குவளையை வைத்து, ஊற்றுபவளை நாலைந்து நாள் தன் கண்மட்டுக்கே ஊற்றவிட்டு, அதன் சராசரியைக் குறித்துக்கொள்ள வேண்டும்.